பூகம்பக் கணக்கும் மண்ணின் அளவும்

1967-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் தேதி, பொழுது புலருமுன், மகாராஷ்டிர ராஜ்யத்தின் மேற்கு மலைப் பகுதியிலுள்ள கொய்னாநகரைக் கடுமையான பூகம்பம் ஒன்று தாக்கியது. ஏறத்தாழ 180 பேர் மாண்டனர். ஊரின் வீடுகள் சரிந்து விழுந்தன. அருகில் 103 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் கொய்னா அணை விழவில்லை. விழுந்திருக்குமானால் கீழேயுள்ள பள்ளத்தாக்கின் கதி என்னவாகியிருக்கும் என்பதை விவரிக்கத் தேவையில்லை.

எனினும் அணை முற்றிலும் சேதமின்றித் தப்பவில்லை. அதன் உயரமான பகுதிகளில், நீரைத் தாங்கும் முகத்திலும் அதற்கு எதிர்முகத்திலும், கிடைமட்டமான விரிசல்கள் தோன்றின. அவை தோன்றிய இடந்தான் ஆராய்ச்சிக்குரியதாயிற்று. அடிவாரத்தில் அவை காணப்படவில்லை. உச்சியிலிருந்து ஏறத்தாழ 36 மீட்டர் தாழ்வில், அகன்ற உடல் முடிந்து குறுகிய கழுத்துத் தொடங்குமிடத்தில், பின்முகத்தின் சரிவு சட்டென்று மாறும் மட்டத்தில் அவை காணப்பட்டன.

அணையைத் திட்டமிட்ட எஞ்சினீயர்கள் பூகம்பத்தைக் கருதாமல் விட்டவர்களல்லர். அணையின் எடையில் இருபதில் ஒரு பங்கு விசை பக்கவாட்டில் தாக்குவதாக வைத்துக் கணக்கிட்டிருந்தனர். அந்த விசை உச்சி முதல் அடி வரை ஒரே அளவாய், அசையாமல் நின்று அழுத்துவதாகக் கொள்வது அக்காலத்தில் உலகெங்கும் வழங்கிய முறை. அம்முறைப்படி பார்த்தால் கழுத்துப் பகுதியில் விரிசல் காண நியாயமில்லை. அணையின் உட்கூடம் ஒன்றில் நில அசைவின் முடுக்கத்தைப் பதியும் கருவி பொருத்தப்பட்டிருந்தமை பெரும் பேறாயிற்று. அணைக்குக் குறுக்கான திசையில் அது பதிந்த உச்ச முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழப் பாதி. அதாவது, திட்டமிட்டோர் கொண்ட அளவைப்போல் கிட்டத்தட்டப் பத்து மடங்கு!

இந்தப் பத்து மடங்கு விசையைப் பழைய முறையிலேயே இட்டுக் கணக்கிட்டால், அணை நிற்கும் என்று எந்த எஞ்சினீயரும் கையொப்பமிட்டிருக்க மாட்டார். ஆனால் அது நின்றது. ஆக, பழைய கணக்கு இரு வகையிலும் தவறியது. விரிசல் வராது என்று சொன்ன இடத்தில் விரிசல் வந்தது. உண்மையான அளவைக் கொடுத்தபோதோ, விழாத அணையை விழும் என்றது. ஒரு பெரும்பாறையைப் பலர் சேர்ந்து ஒரே திசையில் ஒரு நிமிஷம் தள்ளுவது வேறு. ஒரு நொடியிற் சிறு பகுதியே தள்ளிவிட்டு, அது நகருமுன் எதிர்த்திசையில் இழுப்பது வேறு. பூகம்பம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. மேலும், மூங்கிற் கழியின் அடியைப் பிடித்து ஆட்டினால் கை நகர்ந்த தூரத்தினும் அதிகமாக நுனி வீசுகிறதல்லவா? அணையின் மேற்பகுதியும் அவ்வாறே வீசுகிறது. நின்று அழுத்தும் விசையாகப் பூகம்பத்தைக் கருதிய கணக்குக்கு இவ்விரண்டும் புலப்படவில்லை.

பனாரஸ் இந்து சர்வகலாசாலையில் பயின்று, பின்னர் அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்கிலிப் பிரிவில் பேராசிரியராக விளங்கிய அனில் சோப்ராவும், அவருடன் ஆராய்ந்த சக்ரபர்த்தியும், கொய்னாவில் பதிவான அசைவைக் கணிப்பொறியில் இட்டு, அணை நொடிக்கு நொடி எவ்வாறு அசைந்திருக்கும் என்று கணக்கிட்டனர். 1973-இல் முடிவுகள் வெளிவந்தன. கான்கிரீட் தாங்கக்கூடிய அளவை மீறிய இழுவிசை, சரிவு மாறும் அந்தக் கழுத்துப் பகுதியிலேயே உண்டாயிற்று என்று யந்திரம் காட்டியது. அணையில் கண்ட விரிசலும் கணக்கில் கண்ட இழுவிசையும் ஒரே இடத்தில் சந்தித்தன. அன்று முதல் கொய்னா அணை பூகம்பக் கணிதத்துக்கு ஓர் உரைகல்லாகிவிட்டது. அணைகளுக்கெனப் புதிய கணிப்பு முறையொன்றை வகுப்போர், அது எந்தத் தேசமாயினும், முதலில் கொய்னாவை அதில் இட்டுச் சோதிப்பது வழக்கம்.

இந்தச் சரித்திரத்தை வாசிப்போர் பலர் கணிப்பொறியின் பெருமையை மட்டும் கண்டு திருப்தியடைகின்றனர். அது பாதிக் கதையே. உட்கூடத்தில் அந்தப் பதிவுக் கருவி இல்லாதிருந்தால் சோப்ராவின் யந்திரத்துக்கு உணவே கிடைத்திராது. அசைவு அளக்கப்பட்டிருந்தது, அணையின் உருவமும் பொருளும் தெரிந்திருந்தன, விரிசல்களின் இடம் குறிக்கப்பட்டிருந்தது. மூன்றும் கையிலிருந்தமையால்தான் கணக்கு சாட்சியமாயிற்று. இன்று இந்நாட்டில் பெருகிவரும் பூகம்பக் கணக்குகளில் எத்தனைக்கு இம்மூன்றும் உண்டு என்று கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

யந்திரம் செய்வது என்ன?

கணிப்பொறி இங்கே செய்யும் வேலையில் மாயம் ஏதுமில்லை. அணையோ கட்டடமோ, அதைச் சிறு சிறு கூறுகளாக மனத்தில் அறுத்துக் கொள்கின்றனர். ஒவ்வொரு கூற்றுக்கும் எடை உண்டு. அண்டைக் கூறுகளுடன் அதைப் பிணைக்கும் விறைப்பு உண்டு. அசைவைச் சிறிது சிறிதாக அடக்கும் தணிவு உண்டு. காலத்தையும் அவ்வாறே அறுக்கின்றனர். ஒரு நொடி நூறு துண்டுகளாகிறது. முதல் துண்டில் தரை இவ்வளவு அசைந்தது என்று பதிவு சொல்கிறது. அதனால் ஒவ்வொரு கூற்றும் எவ்வளவு நகர்கிறது, எவ்வளவு விசைக்கு உள்ளாகிறது என்று கணக்கிட்டு, அந்த விடையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாம் துண்டுக்குச் செல்ல வேண்டும். அமெரிக்க எஞ்சினீயர் நியூமார்க் 1959-இல் வகுத்த படிமுறை இதற்கு இன்றும் பயன்படுகிறது. பத்து நொடி நடுக்கத்துக்கு ஆயிரம் படிகள். ஒவ்வொரு படியிலும் ஆயிரக்கணக்கான சமன்பாடுகள். மனிதன் கையால் போட்டால் ஆயுள் போதாது. யந்திரம் அலுப்பின்றிப் போடுகிறது, அவ்வளவே.

இவ்வகைக் கணக்குக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லைத் தமிழில் உருவகப்படுத்தல் என்றும் பாவனை என்றும் பலவாறு பெயர்த்திருக்கின்றனர். மூலச் சொல்லுக்குப் பாசாங்கு என்னும் பொருளும் உண்டென்பதை மொழிபெயர்ப்போர் அறிவர். பாவனை என்ற தமிழ்ச் சொல்லிலும் அந்த நிழல் படிந்திருக்கிறது. அதனாலேயே அது பொருத்தமான சொல் எனலாம். பாவனைக் கணக்கு உண்மையையும் ஒத்திருக்கலாம், பாசாங்காகவும் போகலாம். எதுவென்பதை யந்திரத்தைப் பார்த்து அறிய இயலாது.

யந்திரத்துக்கு இன்று பஞ்சமில்லை. ஒரு காலத்தில் பெரிய ஆராய்ச்சிக் கூடங்களில் மட்டுமே இருந்த ஆற்றல் இப்போது ஒரு மாணவனின் மேஜைமேல் இருக்கிறது. மண்ணின் அசைவைக் கணக்கிடும் ‘ஷேக்’ என்னும் நிரல் 1972-இல் பெர்க்கிலியில் எழுதப்பட்டது. அதே இடத்தில் பிற்காலத்தில் எழுந்த ‘ஓப்பன்சீஸ்’ என்னும் விரிவான நிரலை ஆராய்ச்சி மாணவர்கள் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தலாம். வண்ண வண்ணமாகப் படங்களும் அச்சாகின்றன. கட்டடம் நெளிவதும் தூண் சிவப்பதும் கண்முன்னே நடக்கக் காணலாம். கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு இதைவிட நம்பிக்கையூட்டும் காட்சி வேறில்லை. அபாயமும் அங்கேதான்.

காலடியில் உள்ள கேள்வி

கொய்னா அணை பாறைமேல் நிற்பது. மண்மேல் நிற்கும் கட்டடத்தின் கணக்கு இன்னும் சிக்கலானது. ஏனெனில் அங்கே மண்ணும் கட்டடத்தோடு சேர்ந்து ஆடுகிறது. பாறை வழியே விரைந்து வந்த அலை இளமண் அடுக்குகளிற் புகுந்ததும் வேகம் குன்றுகிறது, வீச்சு மிகுகிறது. அத்துடன் நில்லாமல், மண் எவ்வளவுக்கு அசைகிறதோ அவ்வளவுக்கு இளகுகிறது. விறைப்பு தெரிந்தால்தான் அசைவைக் கணக்கிடலாம். அசைவு தெரிந்தால்தான் விறைப்பை நிர்ணயிக்கலாம். இந்தச் சிக்கலை அவிழ்க்கக் கணிப்பொறி ஓர் உத்தேச விறைப்பை வைத்துத் தொடங்கி, விடையைக் கொண்டு அதைத் திருத்தி, இரண்டும் பொருந்தும் வரை மீண்டும் மீண்டும் கணக்கிடுகிறது.

1985-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் தேதி மெக்ஸிகோ நாட்டில் நிகழ்ந்தது இதற்குச் சிறந்த உதாரணம். பூகம்பத்தின் மையம் பசிபிக் கரையோரத்தில், தலைநகரிலிருந்து 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. இடையிலுள்ள பல ஊர்கள் தப்பியிருக்க, தலைநகரில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அந்நகரின் ஒரு பகுதி பண்டைய ஏரியொன்றின் படுகைமேல் கட்டப்பட்டது. அடியில் மிக இளகிய களிமண். பாறைப் பகுதியில் பதிவான முடுக்கத்தைப்போல் நான்கைந்து மடங்கு அந்தக் களிமண்மேல் பதிவாயிற்று. ஆட்டமும் ஏறத்தாழ இரண்டு நொடிக்கு ஒருமுறை என்ற ஒரே தாளத்தில் நீடித்தது. அந்தத் தாளத்துக்கு இசைந்த கட்டடங்கள் மாட்டிக்கொண்டன. சிறு வீடுகள் பெரும்பாலும் தப்பின. 6 தளம் முதல் 15 தளம் வரை உயர்ந்தவற்றில் அழிவு மிகுதி. பொதுவாக, பத்துத் தளக் கட்டடத்தின் இயல்பான அலைவு நேரம் ஒரு நொடி அளவில் இருக்கும். ஆனால் ஆட்டத்தில் சிறிது சிதைந்ததும் கட்டடம் தளர்ந்து, அதன் அலைவு நேரம் நீள்கிறது. நீண்டு மண்ணின் தாளத்தை எட்டியதும் அழிவு விரைவாகிறது.

மண்ணின் தாளத்தை அறிய ஓர் எளிய வாய்ப்பாடு உண்டு. இளமண் அடுக்கின் ஆழத்தை நான்கால் பெருக்கி, அதில் குறுக்கலை செல்லும் வேகத்தால் வகுக்க வேண்டும். ஆழம் 38 மீட்டர், வேகம் நொடிக்கு 76 மீட்டர் என்றால் விடை 2 நொடி. மெக்ஸிகோ நகரின் களிமண்ணுக்கு இது நெருங்கிய அளவே. இப்போது, வேகத்தை அளக்காமல், வேறோர் ஊரின் களிமண்ணைப் பார்த்து 152 மீட்டர் என்று ஒருவர் எழுதிவிட்டதாகக் கொள்வோம். விடை 1 நொடி ஆகிவிடும். ஓர் எண் தவறியதால், அபாயம் ஓர் உயரக் கட்டடங்களை விட்டு மற்றோர் உயரக் கட்டடங்களுக்குத் தாவிவிட்டது. கணிப்பொறி எத்தனை நுண்ணியதாயினும் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்காது. தவறான மண்ணுக்குரிய சரியான விடையை அது ஆறு தசம ஸ்தானம் வரை அச்சிட்டுத் தரும்.

நீர் தேங்கிய மணலில் நிலைமை இன்னும் கடினம். பூகம்பத்தில் குலுங்கும்போது மணல்மணிகள் நெருங்க முயல்கின்றன. இடையிலுள்ள நீர் வெளியேற வழியின்றி அழுத்தம் பெறுகிறது. மணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஊன்றுவது குறைந்து, மணல் குழம்பைப் போலாகிறது. 1964-இல் ஜப்பானின் நீகாட்டா நகரில் அடுக்குமாடி வீடுகள் உடையாமலே பக்கவாட்டில் சாய்ந்து படுத்தன. இந்நாட்டில் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இது பெரிய அளவில் நிகழ்ந்திருக்கிறது. 1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி வடபீகாரைக் குலுக்கிய பூகம்பத்தில், சீதாமடி, மதுபனி, பூர்ணியா பகுதிகளின் வழியே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் தளர்ந்து அமிழ்ந்தது. மணலும் நீரும் ஊற்றுப்போல் பீறிட்டன. வீடுகள் சாய்ந்தும் புதைந்தும் போயின. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் நடந்து நடந்து அளந்து, அந்தப் பகுதியைப் படத்தில் குறித்து வைத்தனர். கணிப்பொறி இல்லாத காலத்தில் நடந்த அந்த உழைப்புக்கு ஈடான தகவல் இன்றும் அரிது.

மணல் குழம்பாவதை முன்கூட்டிக் கணக்கிடும் திறமை எவ்வளவு என்பதை விஞ்ஞானிகளே ஒருமுறை நேர்மையாகச் சோதித்துப் பார்த்தனர். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த அச்சோதனைக்கு ‘வெலாக்ஸ்’ என்று பெயர். மண் மாதிரிகளைச் சுழலும் யந்திரத்தில் வைத்து, அவற்றின் எடையைப் பன்மடங்காக்கி, செயற்கையாகக் குலுக்குவது ஏற்பாடு. குலுக்குவதற்கு முன்பே பல ஆராய்ச்சிக் குழுக்கள் தத்தம் கணிப்பு முறைகளால் விடைகளைக் கணக்கிட்டு ஒப்படைக்க வேண்டும். பின்னர் சோதனை நடந்தது. ஒரே மண், ஒரே குலுக்கல், ஒரே விவரங்கள். எனினும் குழுக்களின் விடைகள் ஒன்றோடொன்று பெரிதும் மாறுபட்டன. சோதனையின் முடிவுக்குச் சில அருகில் இருந்தன, சில வெகு தூரம் விலகின. நடந்து முடிந்ததை விளக்குவதில் வல்லவர்களான பலர், நடக்கப்போவதைச் சொல்வதில் தடுமாறினர். இதை மறைக்காமல் அச்சிட்டு வெளியிட்டமைக்காக அந்த விஞ்ஞானிகளைப் பாராட்டவேண்டும். இத்தகைய சோதனைகள் அதன்பின் தொடர்ந்து நடந்து, முறைகள் திருந்தியும் வந்திருக்கின்றன.

கட்ச் பூகம்பம் காட்டிய குறை

2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி, குடியரசு தினத்தன்று காலை, குஜராத்தின் கட்ச் பிரதேசத்தில் எழுந்த பூகம்பத்தில் 13,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சாங்கு, தப்பர், ருத்ரமாதா முதலான மண் அணைகள் அடிமண் தளர்ந்ததால் சேதமுற்றன. சாங்கு அணை அனேகமாக முழுதும் சரிந்தது. வறட்சியால் நீர்த்தேக்கங்கள் வற்றிக் கிடந்தமையால் மட்டுமே வெள்ளம் உண்டாகவில்லை. மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத்திலும் பல அடுக்குமாடிக் கட்டடங்கள் விழுந்தன. அவற்றுட் பல, தரைத்தளத்தில் சுவரின்றி வண்டி நிறுத்தத் தூண்கள் மட்டும் நிறுத்திக் கட்டப்பட்டவை.

இவ்வளவு பெரிய நிகழ்ச்சிக்கு, நில அசைவை நொடிக்கு நொடி பதிந்த முடுக்கப் பதிவு அகமதாபாத்தில் ஒரு கட்டடத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து கிடைத்த ஒன்றே. ரூர்க்கி சர்வகலாசாலையார் வைத்திருந்த கருவி அது. அங்கே உச்ச முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே. கட்சிலும் சுற்றுப்புறத்திலும் இருந்த சில எளிய கருவிகள் உச்ச அளவுகளை மட்டும் காட்டின. படிமுறைக் கணக்குக்கு அவை போதா. ஆகவே, மண் அணைகள் ஏன் சரிந்தன என்று பிற்பாடு கணக்கிட்டவர்கள், மையத்தருகே நிலம் எப்படி அசைந்தது என்பதைத் தாங்களே ஊகித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 1967-இல் கொய்னாவில் கிடைத்த வாய்ப்பு 2001-இல் கட்சில் கிடைக்கவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகளில் கணிப்பொறி எத்தனையோ ஆயிரம் மடங்கு வளர்ந்திருந்தும், அறியக்கூடியது குறைந்துபோயிற்று.

உள்ளூர்ப் பதிவு இல்லாதபோது என்ன செய்கின்றனர்? அயல்நாட்டுப் பதிவை இரவல் வாங்குகின்றனர். 1940-இல் கலிபோர்னியாவின் எல் சென்ட்ரோ என்னும் ஊரில் பதிவான அசைவு இவ்வாறு உலகம் முழுதும் சுற்றியிருக்கிறது. இந்திய சர்வகலாசாலைகளில் எழுதப்பட்ட எத்தனையோ ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இந்தியக் கட்டடங்கள் எல் சென்ட்ரோவின் தாளத்துக்கே ஆடியிருக்கின்றன. முறையைக் கற்பிக்க இது உதவும்; அதில் குற்றமில்லை. ஆனால் கங்கைச் சமவெளியின் வண்டல் சில இடங்களில் கிலோமீட்டர் கணக்கில் ஆழமுடையது. இமயத்தின் பூகம்பமும் கலிபோர்னியாவின் பூகம்பமும் ஒரே இயல்பினவல்ல. இரவல் அசைவைக் கொண்டு ஓர் ஆஸ்பத்திரி பத்திரமானது என்று சான்று வழங்குவது கல்விப் பயிற்சி ஆகாது.

2001-க்குப் பின் மத்திய சர்க்கார் இக்குறையை உணர்ந்து செயற்பட்டது உண்மை. விஞ்ஞான தொழில்நுட்பத் துறையின் உதவியுடன், ரூர்க்கியின் பொறுப்பில், வட இந்தியாவிலும் வடகிழக்கிலும் ஏறத்தாழ 300 முடுக்கப் பதிவுக் கருவிகள் நிறுவப்பட்டன. டில்லி, ஜபல்பூர், கௌஹாத்தி, பெங்களூர், கல்கத்தா முதலிய நகரங்களின் மண்ணை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து ஆராய்ந்த படங்களும் வெளிவந்துள்ளன. இவை பாராட்டுக்குரியவை. ஆனால் ஜப்பானில் செய்ததோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 1995-இல் கோபே நகரம் அழிந்தபின், அந்நாடு ஏறத்தாழ 1,000 நிலையங்களைச் சுமார் 20 கிலோமீட்டருக்கு ஒன்றாக நாடெங்கும் நிறுவி, 1996-இலேயே இயங்கச் செய்தது. எண்ணிக்கையைவிட முக்கியமானது வேறொன்று. கருவி நிற்கும் இடத்தில் துளையிட்டு மண் அடுக்குகளையும் அலை வேகத்தையும் அளந்து, பதிவுகளோடு அவற்றையும் சேர்த்து எவரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டனர். மண் தெரியாத இடத்துப் பதிவு, பெயர் எழுதாத மருந்துச் சீசாவைப் போன்றது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு. அது அலட்சியம் செய்யத்தக்கதன்று. இந்நாட்டில் பூகம்பத்தில் மாள்வோரிற் பெரும்பாலோர் எஞ்சினீயர் எவரும் திட்டமிடாத கல் வீடுகளிலும் மண் வீடுகளிலும் வசிப்பவர்கள். 1993-இல் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரியில் ஆயிரக்கணக்கானோர் கனத்த கற்சுவர்களின் கீழ் மாண்டனர். அவர்களுக்குப் பாவனைக் கணக்கால் என்ன பயன் என்று கேட்கின்றனர். அத்தகைய வீடுகளுக்குக் கணக்கு தேவையே இல்லை என்பதே விடை. கதவு, ஜன்னல்களின் மேல்மட்டத்தில் சுவர்களைச் சுற்றி ஒரே பட்டையாகக் கான்கிரீட்டோ மரமோ ஓடவிட்டு, மூலைகளைப் பிணைத்தால் பெருமளவு உயிர்ச்சேதம் தவிரும். 1931-இல் பலூசிஸ்தானத்து மாச் பூகம்பத்துக்குப் பின் எஸ். எல். குமார் என்னும் எஞ்சினீயர் இத்தகைய எச்சரிக்கையுடன் கட்டிய ரயில்வே குடியிருப்புகள், 1935-இல் குவெட்டா நகரமே அழிந்தபோதும் நின்றன. தெரிந்த வைத்தியத்தைக் கொடுப்பதற்குப் புதிய ஆராய்ச்சியைக் காரணங்காட்டித் தாமதிப்பது பொறுப்பற்ற செயல்.

ஆனால் அணைக்கும், ஆற்றுப் பாலத்துக்கும், வண்டல்மேல் பன்னிரண்டு தளம் எழும்பும் குடியிருப்புக்கும், பூகம்பத்துக்கு மறுநாளும் திறந்திருக்க வேண்டிய ஆஸ்பத்திரிக்கும் சுவர்ப்பட்டை போதாது. அங்கே கணக்கு வேண்டும். கணக்குக்கு அளவு வேண்டும். அளவுக்கு ஆகும் செலவைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், ஏற்கெனவே செய்யப்பட்ட செலவு மறக்கப்படுகிறது. பொதுப் பணத்தில் எழும் ஒவ்வொரு பெரிய பாலத்துக்கும், சுரங்க ரயில் நிலையத்துக்கும், அரசாங்க மாளிகைக்கும் முதலில் நிலத்தில் துளையிட்டு மண் சோதிக்கப்படுகிறது. குழாயை மண்ணில் இறக்க எத்தனை அடி தேவைப்பட்டது என்று ஆழத்துக்கு ஆழம் குறிக்கப்படுகிறது. அஸ்திவாரம் போட்டு முடிந்ததும் அந்த ஏடு ஒப்பந்தக் கோப்போடு கட்டப்பட்டு அலமாரிக்குச் செல்கிறது. பத்தாண்டு கழித்து, அடுத்த தெருவில் கட்டுவோர் மீண்டும் துளையிடுகின்றனர். அல்லது துளையிடாமலே ஊகித்துக்கொள்கின்றனர்.

பொதுப் பணத்தில் இட்ட துளையின் விவரம் பொதுவில் வைக்கப்படவேண்டும். இதற்குப் புதிய யந்திரம் வேண்டாம். ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தும், ஏடுகளைப் பெற்று ஒழுங்குபடுத்த ஓர் அலுவலகமும் போதும். அவ்வாறே, பாவனைக் கணக்கின் அடிப்படையில் அனுமதி கோரும் ஒவ்வோர் அறிக்கையிலும், எந்த எண் அந்த இடத்தில் அளக்கப்பட்டது, எது வேறிடத்திலிருந்து எடுக்கப்பட்டது, எது ஊகம் என்று முதற்பக்கத்திலேயே பிரித்துக் காட்டுமாறு கேட்கலாம். நிபுணரல்லாத அதிகாரியும் அந்தப் பக்கத்தைப் படித்து, வண்ணப் படங்களை எவ்வளவு நம்பலாம் என்று தீர்மானிக்க இயலும். பெரிய கட்டடங்களில் பதிவுக் கருவி பொருத்தும்போது, கட்டடத்தின் கணிக்கப்பட்ட அசைவுகளைத் தேதியிட்டு முன்கூட்டியே ஒப்படைக்கச் செய்யலாம். சிறு அதிர்ச்சி வந்தாலும் கணக்கைச் சோதிக்க அது போதும். பெரும் பூகம்பத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

மண் ஏட்டில் ஆழம், அடுக்கு, அடியின் எண்ணிக்கை ஆகியவற்றோடு நிலத்தடி நீரின் மட்டமும் குறிக்கப்படுகிறது. அதனருகில் துளையிட்ட தேதியும் தவறாமல் இருக்கவேண்டும். வடபீகாரில் 1934-இன் பூகம்பம் ஜனவரியில் வந்தது. அதே பிரதேசத்தை 1988-இல் மீண்டும் குலுக்கிய பூகம்பம் ஆகஸ்டு 21-ஆம் தேதி, மழைக்காலத்தின் நடுவில் வந்தது. கோடையில் அளந்த நீர்மட்டத்தை வைத்து, ஆகஸ்டில் மணல் குழம்பாகாது என்று கணிப்பொறி சொன்னால், அதைச் சரிபார்க்க அந்தத் தேதி ஒன்றே துணை.